‘எஸ்’ போட்ட மருந்தை ஏன் கொடுக்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. யூரின் டியூப் போட்டு மதுரையில் ஐசியூவில் இருக்கிறார். சிறுநீர், ரத்தம் இரண்டு கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனம் உட்பட ஆன்டிபயாடிக்குகளுக்கு வரிசையாக ‘ஆர்’ (கிருமி கட்டுப்படாது). கோலிஸ்டினுக்கு ‘ஐ’ (இடைநிலை). டைஜிசைக்கிளினுக்கு மட்டும் ‘எஸ்’ (கட்டுப்படும்), பக்கத்தில் 0.5. அதை விட்டுவிட்டு விலை கூடிய இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். ஏன்? – உசிலம்பட்டி வாசகர்

பதில்: ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ‘எஸ்’ஸைத்தான் தேடும். அது ஆய்வுக்கூடத்தில் கிருமி அடங்கியதற்கான குறி. அப்பாவின் உடம்பில் கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. டைஜிசைக்கிளின் ரத்தத்தில் அதிகம் தங்காது, திசுக்களுக்குள் போய்விடும். சிறுநீரிலும் கொஞ்சம்தான் வரும். வயிற்றுக்குள் சீழ் என்றால் நானே யோசிப்பேன். ரத்தத்தில் கிருமி ஓடும்போது அதை நம்ப மாட்டேன்.

அந்த 0.5, கிருமி வளராமல் தடுக்க ஆய்வுக்கூடத்தில் தேவைப்பட்ட குறைந்தபட்ச மருந்தளவு. அதையும் மற்ற மருந்துகளின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. மல்லிகையை முழத்திலும் அரிசியைப் படியிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பது போலத்தான் அது.

கோலிஸ்டினின் ‘ஐ’ பலரைப் பயமுறுத்துகிறது. 2020 முதல் ஆய்வுக்கூடங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பின் விதிமுறையில் அந்த மருந்துக்கு ‘எஸ்’ஸே கிடையாது, அதிகபட்சம் கிடைப்பதே ‘ஐ’தான். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து. வேறு வழி இருந்தால் நான் தொடுவதில்லை.

சரி, அந்த இரண்டு மருந்துகள்? பெரும்பாலும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனமுமாக இருக்கும். நம் ஊர் கிளெப்சியெல்லாவில் அடிக்கடி காணும் என்டிஎம் என்ற நொதி மெரோபெனத்தை உடைத்துவிடும். அஸ்ட்ரியோனத்தை அதனால் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமியிடம் அஸ்ட்ரியோனத்தை உடைக்கும் வேறு நொதிகளும் இருக்கும். அவற்றை மடக்கத்தான் அவிபாக்டம். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏற்றினால் பலன் குறையும். செலவைப் பார்த்து ‘ஒன்று போதுமே’ என்று கேட்டுவிடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: கிரியாட்டினினுக்கு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) ஏற்ப மருந்தின் அளவை மாற்றுகிறார்களா? பழைய டியூபை எடுத்தாயிற்றா? இன்னும் எத்தனை நாள்?

அப்புறம், காய்ச்சல் விட்டபின் ‘எதற்கும் ஒரு தடவை’ என்று மறுபடி யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லாதீர்கள். டியூப் இருக்கிற வரை சிறுநீரில் ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும். தொந்தரவு இல்லாதபோது அதற்கெல்லாம் மருந்து ஏற்ற வேண்டியதில்லை.