படகுக்கு எந்த மடக்குக் கத்தி?

கேள்வி: படகில் வைத்திருக்கப் பல கருவிகள் சேர்ந்த மடக்குக் கத்தி ஒன்று தேவை. கனடாவிலிருந்து வரும் மச்சான் லெதர்மேனா விக்டொரினொக்ஸா என்று கேட்கிறார். எதைச் சொல்வது?
– வாசகர், குருநகர்

பதில்: குறடு வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். விக்டொரினொக்ஸின் சிவப்புப் பிடிக் கத்திகளில் மடக்கினால் 91 மி.மீ. நீளமுள்ள ஹன்ட்ஸ்மன் 100 கிராமுக்குள் அடங்கும். கத்தரிக்கோலும் மரவாளும் அருமை. ஆனால் குறடு கிடையாது. விரித்த அலகும் பூட்டிக்கொள்ளாது. ஈரக்கையோடு கயிறு அறுக்கும்போது அலகு விரலில் மடங்கலாம்.

லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம், சட்டைப்பையை இழுக்கும். என்றாலும் படகுக்கு அதுதான் என் தெரிவு. அலகை ஒரு கையாலேயே விரிக்கலாம், விரித்ததும் பூட்டிக்கொள்ளும். குறடும் உண்டு; அதில் கம்பி வெட்டும் பகுதி சேதமானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். விக்டொரினொக்ஸ்தான் வேண்டுமென்றால் குறடுள்ள ஸ்விஸ்டூல் ஸ்பிரிட்டைக் கேளுங்கள்.

துருப்பிடிக்காத உருக்கு என்று நம்பிவிடாதீர்கள். இரண்டிலுமே உப்புநீர் மூட்டுகளுக்குள் தங்கி அங்கேதான் துரு தொடங்கும். கரைக்கு வந்ததும் எல்லாக் கருவிகளையும் விரித்து நன்னீரில் அலசி, உலர்த்தி, மூட்டுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்; பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். ஈரத்தோடு தோலுறைக்குள் செருகுவது அதைவிட மோசம்.

மச்சான் அதைக் கைப்பையில் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள்.