அந்தமான் தீவுச் சுற்றுப் படகும் ஸ்நார்கெலிங்கும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போர்ட் பிளேரில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தீவுச் சுற்று பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், எல்லார் வாயிலும் வருவது பழைய பெயர்தான், நானும் அதையே எழுதுகிறேன். இங்கேயே வளர்ந்து, கடலை நம்பிப் பிழைப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். ராஸ் – நார்த் பே சுற்றா, ஜாலிபாயா? ஏஜென்ட் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

பதில்: ஒன்று இல்லை தம்பி. ராஸ் – நார்த் பே படகு ஊருக்குள்ளேயே அபர்தீன் ஜெட்டியில் ஏறுவது. ராஸ் தீவு கண்ணுக்கு எதிரே தெரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் (2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர்). 1858-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இந்தத் தீவுகளை அங்கிருந்துதான் ஆண்டார்கள். 1941-ல் நிலநடுக்கம், 1942-ல் ஜப்பான்காரர்கள், அத்தோடு அந்த ஊர் முடிந்தது. சர்ச் சுவரை மரவேர்கள் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்பதை நேரில் பார்த்தால் சீக்கிரம் கிளம்ப மனசு வராது. நார்த் பே, பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் அந்தத் தென்னந்தோப்பும் கலங்கரை விளக்கமும்தான். ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி தண்ணீருக்குள் பார்ப்பது) அங்கே உண்டு. ஆனால் கரையோரப் பவளப்பாறை கூட்டம் மிதித்து மிதித்துத் தேய்ந்து போயிருக்கிறது, 2010 கோடையில் தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்ததன் பாதிப்பும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் தள்ளி ஆழத்துக்குப் போனால் பரவாயில்லை.

ஜாலிபாய்க்கு ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வண்டூர் வரை வண்டியில் போய், அங்கிருந்து படகில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போக வேண்டும். அது 1983-ல் அறிவித்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பூங்காவில் மொத்தம் 15 தீவுகள், சுற்றுலாவுக்குத் திறப்பது ஜாலிபாய், ரெட்ஸ்கின் இரண்டை மட்டும்தான், அதுவும் மாற்றி மாற்றி. ஒன்றைத் திறந்திருக்கும்போது இன்னொன்றுக்கு ஓய்வு. வனத்துறை பெர்மிட் வேண்டும், ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், கடையும் கிடையாது. இந்தக் கெடுபிடியால்தான் அங்கே பவளம் இன்னும் பவளமாக இருக்கிறது. மீனும் பவளமும்தான் ஆசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜாலிபாய். கூட வயசானவர்கள் இருந்து, கடலில் கால் நனைத்தால் போதும் என்றால் ராஸ்.

கேள்வி (விருதுநகர்): எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, அவருக்கு வயது 58. ஸ்நார்கெலிங் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நீச்சல் தெரியாதவர்கள்தான். லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் கூட வரும் பையன் இழுத்துக்கொண்டே போவான். நீங்கள் செய்ய வேண்டியது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடுவது ஒன்றுதான். அது கேட்கும்போது சுலபம். முகம் நனைந்ததும் மூக்கால் மூச்சிழுக்கத்தான் உடம்பு பார்க்கும், அங்கேதான் பயம் தொற்றிக்கொள்கிறது. அதனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி முகத்தை மட்டும் முக்கி நிதானமாக மூச்சு விட்டுப் பழகுங்கள், அவசரப்படுத்துகிற ஆளிடம் "கொஞ்சம் பொறு" என்று சொல்லுங்கள். நார்த் பேயிலும் ஜாலிபாயிலும் பாதிப் பேர் தமிழ் புரிந்துகொள்வார்கள். அம்மாவுக்கு இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறக்காதீர்கள், அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்காரவைத்துக் காட்டலாம்.

கேள்வி (கோவை): போன முறை தாய்லாந்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, எதையும் பார்க்க முடியவில்லை. கண்ணாடி வேறு போடுகிறவன்.

பதில்: பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தபிறகும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி. விழுந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரு முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் வரும், அடர்ந்த மீசை இருந்தாலும் வரும், மீசைக்காரர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்வார்கள். இதை அறியாமல் பட்டையை இறுக்கு இறுக்கு என்று இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் அதிகமாகத்தான் ஒழுகும். மாஸ்க்கின் கண்ணாடி ஆவி பிடிக்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசினாலே போதும். பார்வைக்கு ஏற்ற கண்ணாடி போட்ட பவர் மாஸ்க் எல்லா இடத்திலும் கிடைக்காது, அடிக்கடி கடலுக்குப் போகிறவர் என்றால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ராஸ் தீவில் மான் கையில் வந்து சாப்பிடுமாமே? பிள்ளைகளுக்காக பிஸ்கெட் வாங்கிப் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த மான்கள் கிட்டே வரும், மயிலும் நடைபாதையில் நடக்கும், பிள்ளைகள் கையை நீட்டாமல் நின்றாலே போதும், அவை பாட்டுக்குப் பக்கத்தில் மேயும். புள்ளிமான் அசைபோடுகிற பிராணி, அதன் வயிறு இலைக்கும் புல்லுக்கும் உள்ளது. பிஸ்கெட், சிப்ஸ், பாக்கெட்டின் உப்பு வாசனைக்காகக் கவரையே மெல்லுவது எல்லாம் அதைக் கொல்லும். கொம்புள்ள ஆண் மான் உணவுக்குப் பழகிவிட்டால் குழந்தையை முட்டவும் தயங்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். புள்ளிமான் இந்தத் தீவுகளின் பிராணியே அல்ல, ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டது. அந்தமானில் அதை வேட்டையாடப் புலியும் இல்லை சிறுத்தையும் இல்லை. பெருகிப் பெருகி முளைக்கிற மரக்கன்றை எல்லாம் தின்றுவிடுவதால் காட்டில் அடுத்த தலைமுறை மரம் எழும்பவே திணறுகிறது. பார்க்க அழகுதான், நானும் நின்று பார்ப்பேன், இருந்தாலும் தீனி போட்டு இன்னும் வளர்த்துவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கேள்வி (சென்னை): கடலில் நீந்துகிற யானையைப் பார்க்க எந்தப் படகில் ஏற வேண்டும்?

பதில்: அந்த யானை ராஜன், 2016-ல் இறந்துவிட்டது. ஹேவ்லாக் தீவில் இருந்தது. முன்பு இங்கே காட்டில் மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தார்கள், ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்கு நீந்தவைத்தே கூட்டிப்போவார்கள், அப்படிப் பழகியதுதான் அந்த நீச்சல். மரம் வெட்டுவதற்குத் தடை வந்தபிறகு ராஜன் படங்களுக்காக நீந்தியது. இப்போது "நீந்தும் யானை" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் காசு கொடுக்காதீர்கள். ஹேவ்லாக்கில் எலிபன்ட் பீச் என்று ஒரு கரை இருக்கிறது, அங்கே யானை கிடையாது, ஸ்நார்கெலிங் நன்றாக இருக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தண்ணீருக்குள் என்னென்ன பார்க்கலாம்? எதைத் தொடலாம்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எதையும் தொடக் கூடாது. பவளம் கல் போலத் தெரிந்தாலும் அதன் மேல்தோல் முழுவதும் உயிர். கிளை வகைப் பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும், உருண்டை வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. களைப்பாகி நீங்கள் ஒரு நிமிஷம் அதன் மேல் ஏறி நின்றால் பல வருட வளர்ச்சி காலடியில் நொறுங்கும். நிற்க வேண்டும் என்றால் மணல் தரை வரும்வரை மிதந்துகொண்டே இருங்கள்.

பார்ப்பதற்குப் பஞ்சமே இல்லை. கிளி மீன் கட்டாயம் கண்ணில் படும், பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக, கிளி மூக்கு மாதிரியே வாய். அதைப் பார்த்ததும் காலை உதைப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் மிதந்து காது கொடுங்கள். முறுக்கு கடிக்கிற மாதிரி நறுக் நறுக்கென்று கேட்கும். செத்த பவளத்தின் மேல் படிந்த பாசியைக் கல்லோடு சேர்த்துச் சுரண்டித் தின்கிறது. அரைத்த கல்லைப் பின்னால் வெள்ளைத் தூளாக விட்டுக்கொண்டே போகும், ஒரு புகைக்கோடு போல அது இறங்குவது நன்றாகத் தெரியும். நீங்கள் நடந்து வந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். அப்புறம், கடல் சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன், கறுப்புக் கடல் அட்டை, பாறையில் பதிந்த பெரிய கிளிஞ்சில் (நிழல் பட்டதும் வாயை மூடும்), அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. ஆமை வந்தால் துரத்தாதீர்கள், அது மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி, துரத்தினால் மூச்சு வாங்காமலே அடியில் போய்விடும். ஒதுங்கி இருந்தால் அதுவே உங்களைத் தாண்டி மேலே வரும். விசிறி மாதிரி துடுப்பு விரித்த சிங்க மீனுக்கும், முள்முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிக்கும் நல்ல இடைவெளி விடுங்கள்.

சன்ஸ்கிரீன் பற்றியும் யாரோ கேட்டிருந்தீர்கள். சிலவற்றில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாது. முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், முதுகும் எரியாது.

கேள்வி (மதுரை): முதலை பயம் உண்டா? சுறா?

பதில்: சுறாவைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்நார்கெலிங் ஆழத்தில் குட்டிச் சுறா தெரிந்தால் அதுவே ஓடிவிடும். முதலை வேறு விஷயம். அந்தமானில் உப்புத் தண்ணீர் முதலை உண்டு, அலையாத்திக் காடுகளிலும் ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களிலும் இருக்கும். 2010-ல் ஹேவ்லாக்கில் ராதாநகர் கரைக்குப் பக்கத்தில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை, வலை எல்லாம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கழிமுகத்தில், கலங்கல் தண்ணீரில், இருட்டுகிற நேரத்தில் இறங்காதீர்கள். காவலர் விசில் அடித்தால் உடனே கரை ஏறுங்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): படகு பாதுகாப்பானதா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2014 ஜனவரி 26 அன்று இதே சுற்றில் போன படகு போர்ட் பிளேர் அருகே கவிழ்ந்தது. குறைந்தது 21 பேர் இறந்தார்கள், காஞ்சிபுரத்திலிருந்து குழுவாக வந்தவர்கள் அதில் பலர். 25 பேர் ஏற வேண்டிய படகில் நாற்பதுக்கும் மேல் ஏற்றியிருந்தார்கள். அது கடல் செய்த வேலை இல்லை, கரையில் நின்று டிக்கெட் கொடுத்த இடத்திலேயே தொடங்கியது. அதற்குப் பிறகு கெடுபிடி கூடியது, ஆனாலும் உங்கள் கண்ணை நம்புங்கள்.

படகின் பக்கவாட்டிலோ உள்ளேயோ எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும், தலையை எண்ணுங்கள். கூடுதலாக ஒருவர் இருந்தாலும் இறங்கிவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிடாமல் எல்லா கிளிப்பையும் மாட்டுங்கள், மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. டால்பின் தெரிகிறது என்று யாராவது கத்தினால் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், பிள்ளைகளையும் இருத்துங்கள். சின்னப் படகு சாய்வதற்கு அந்த ஓட்டமே போதும். துறைமுகத்தில் காற்று எச்சரிக்கை என்று படகை நிறுத்தினால் சந்தோஷப்படுங்கள். "ஃபிளைட் நாளைக்கு, எப்படியாவது விடுங்கள்" என்று கெஞ்சுகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன், தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எந்த மாதம் வரலாம்? எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பதில்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே பாதிக்கு மேல் தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும், தண்ணீர் கலங்கும், படகு நிற்கும் நாட்கள் அதிகம். காலை முதல் படகு பிடியுங்கள். தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரம்தான், டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

கேள்வி (ஈரோடு): கரையில் கிடக்கிற செத்த பவளம், சங்கு எடுத்துவரலாமா? செத்ததுதானே?

பதில்: கூடாது. கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1-ல் இருக்கின்றன, செத்ததும் அதில் அடக்கம். விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் போடலாம். தவிர அந்தக் காலிச் சங்கில்தான் ஒருவகை நண்டு குடியிருக்கும், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் "காலி" என்று நினைத்த சங்கு நடந்து போகும்.

கேள்வி (பெங்களூர்): பாராடாங் படகுப் பயணத்தில் ஜாரவா மக்களையும் பார்க்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார்.

பதில்: அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போங்கள், அலையாத்திக் காட்டுக்குள் போகும் அந்தப் படகுப் பாதை உண்மையிலேயே அருமை. ஜாரவாக்கள் அவர்கள் காட்டில் வாழும் மனிதர்கள். விலங்குகளைப் பார்க்கிற பட்டியலில் அவர்களைச் சேர்ப்பதே அசிங்கம். பாராடாங் போகும் சாலை அவர்கள் காட்டு வழியாகத்தான் போகிறது; அங்கே வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் நீட்டுவது எல்லாம் குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

கேள்வி (சிங்கப்பூர்): படகில் வாந்தி வருமே, என்ன செய்வது?

பதில்: ராஸுக்குக் கவலை இல்லை, தூரம் குறைவு. வண்டூர், ஹேவ்லாக் என்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னாலேயே போடுங்கள், வயிறு புரட்டத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து தூரத்தில் வானம் கடலைத் தொடுகிற கோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி): காலையில் நார்த் பேயில் ஸ்கூபாவும் ஸ்நார்கெலிங்கும் முடித்துவிட்டு மாலை ஃபிளைட் ஏறலாமா?

பதில்: ஸ்நார்கெலிங் என்றால் ஏறலாம், மேலேயே மிதப்பதுதானே. ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்குவது) செய்தால் ஏறக் கூடாது. ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும், அது வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். குறைந்தது 12 மணி நேரம், 18 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. ஸ்கூபாவை முதல் நாளுக்கு மாற்றிக்கொண்டு, கடைசி நாளில் ராஸ் போங்கள்.