பழைய சோல் இசைத்தட்டுகள்: எதைத் தேடி வாங்கலாம்? (கேள்வி பதில்)

60, 70களின் அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் பாட்டு வகை) தட்டுகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். ஒலி நன்றாக இருக்கும் ஒரே ஒரு எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) சொல்லுங்களேன்.

அல் கிரீனின் 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ', 1972. மெம்ஃபிஸில் ராயல் ஸ்டுடியோ என்று ஒன்று, முன்பு அது சினிமா கொட்டகை. அங்கே வில்லி மிட்செல் பதிவு செய்த டிரம்ஸ் எதிரொலி இல்லாமல், கனமாக, அடங்கி வரும், அதன் மேல் அந்தக் குரல் காதருகே வந்து பாடும். அதை வெளியிட்ட ஹை ரெக்கார்ட்ஸின் தட்டுகளை 'லண்டன்' என்ற நிறுவனம் விநியோகித்த காலத்துப் பிரதியாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் நிறைய விற்ற தட்டு, அதனால் பழைய பிரதி கிடைப்பது கஷ்டமில்லை.

என்னிடம் இருக்கும் மோட்டவுன் ஸ்டீரியோ எல்பிக்கள் மெலிந்து, கீச்சென்று கேட்கின்றன. என் செட்டில் கோளாறா?

உங்கள் செட்டை முதலில் சந்தேகப்பட வேண்டாம். டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனத்தார் மிக்ஸ் செய்ததே கார் ரேடியோவுக்கும் டிரான்சிஸ்டருக்கும்தான், அதுவும் மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாக. அந்த மோனோ மிக்ஸில்தான் உழைப்பு முழுவதும் போனது. ஸ்டீரியோ பல நேரம் பின்னால் சேர்த்த வேலை. சிலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமும் பிரிந்து நிற்கும், மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார் பாட்டைத் தாங்காமல் ஓரமாக நின்றுவிடும். அதே பாட்டை மோனோ 45-ல் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டு) கேளுங்கள், எல்லாம் ஒன்றாகக் கட்டி மார்பில் அடிக்கும். எல்பிதான் வேண்டுமென்றால் 1967 வரை வந்த மோனோ பிரதிகளைத் தேடுங்கள். 1968-ல் அமெரிக்காவில் மோனோ எல்பி ஏறக்குறைய நின்றுபோனது. மார்வின் கேயின் 1971 'வாட்ஸ் கோயிங் ஆன்' வேறு கதை, அதை ஸ்டீரியோவில்தான் கேட்க வேண்டும்.

பார்க்கப் பளபளவென்று இருக்கும் 45, போட்டால் உஸ்ஸென்று இரைகிறது. கழுவியும் போகவில்லை.

அது ஸ்டைரீனாக இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்க 45களில் கணிசமானவை வினைல் இல்லை, அச்சில் ஊற்றி எடுத்த பாலிஸ்டைரீன். தேய்ந்த ஊசி ஓடினால் பள்ளத்தின் சுவரே உடைந்துபோகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கழுவினாலும் திரும்பாது, இன்னொரு பிரதிதான் வழி. வளையாமல் விறைப்பாக, லேசாக, மேலே ஒட்டிய லேபிளுடன் இருந்தால் சந்தேகப்படுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலை 45களில் இது சகஜம்.

இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் சார்?

முதலில், போட்டுக் கேட்டுத் தரம் சொன்னாரா, பார்த்து மட்டும் சொன்னாரா என்று. சோல் தட்டுகள் வீட்டு விருந்துகளில் மலிவான பிளேயர்களில் ஓடித் தேய்ந்தவை. கண்ணுக்கு 'விஜி பிளஸ்' (நல்ல நிலை என்ற தரக் குறி), காதுக்கு வேறு. அப்புறம் லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பகுதியின் படம். அட்லாண்டிக் நிறுவனத்தின் தட்டில் அங்கே 'ஏ.டி/ஜி.பி' என்று கீறியிருந்தால் அது நிறுவனத்தின் சொந்த ஸ்டுடியோவில் ஜார்ஜ் பைரோஸ் வெட்டியது (அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளம் கீறியது), தயங்காமல் வாங்கலாம். லேபிளின் கீழே முகவரி 1841 பிராட்வே என்றிருந்தால் 70களின் நடுப்பகுதிக்கு முந்தையது, 75 ராக்கஃபெல்லர் பிளாசா என்றிருந்தால் பின்னால் அச்சிட்டது.

ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'ஓட்டிஸ் புளூ' மோனோவா ஸ்டீரியோவா?

முடிந்தால் இரண்டும்! 1965-ல் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் டாம் டவுட் பதிவு செய்தது, ஸ்டீரியோவும் அசலானது. 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' மட்டும் இரண்டிலும் வேறு வேறு பதிவு. ஒன்றுதான் முடியும் என்றால் நான் மோனோவை எடுப்பேன்.

பழைய தட்டுகளை 180 கிராம் எடையில் கனமாகப் போடும் புது அச்சு எப்படி?

எடைக்கும் ஒலிக்கும் பெரிய சம்பந்தமில்லை. எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டினார் என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள், கெவின் கிரே பெயர் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். 1978-ல் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் டேப் கிடங்கு எரிந்து ஏராளமான பதிவு நாடாக்கள் போய்விட்டன, அதனால் மூலம் பற்றி வாய் திறக்காத மறுபதிப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் நடுவில் வந்தாலே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். மறுபதிப்பு நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி தன் பல தட்டுகளில் அந்த டிஜிட்டல் கட்டம் உண்டு என்று 2022-ல் ஒப்புக்கொண்டது, அதுவரை அவற்றை அனலாக் என்று நம்பிப் புகழ்ந்தவர்கள் ஏராளம். சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

இதே தட்டுகளின் பிரிட்டிஷ் அச்சு?

பரப்பு இரைச்சல் குறைவு. ஆனால் பிரதி டேப்பிலிருந்து வெட்டியவை பல, மேல் சுருதி கொஞ்சம் மங்கும். விலை பாதியாக இருந்தால் எடுங்கள்.

மோனோவுக்குத் தனி கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும். மிச்சப் பணத்தில் நல்ல ஊசி வாங்குங்கள்.