ஆட்டு ரோமத்தைக் கழுவினால் கட்டியாகிறது, தக்களியில் (கையால் சுழற்றி நூற்கும் கதிரில்) அறுகிறது, சாயமும் நிற்கவில்லை. எங்கே தப்பு?

கேட்டிருக்கும் மூன்று குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் அந்தந்த வேலையில் இருக்காது, அதற்கு முந்தின வேலையில் இருக்கும். அதனால் ஆட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

செம்மறியில் பல இனங்களுக்கு உடம்பில் இருப்பது வெறும் முடிதான், கம்பளி கிடையாது. அது முறுக்குப் பிடிக்காது. கம்பளி ஆடுதான் என்றால் ஒரு கற்றையைக் கத்தரித்து, இரு நுனியையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுங்கள். கம்பியைச் சுண்டியதுபோல் ஒலித்தால் நல்ல ரோமம். நறநறவென்று சத்தம் வந்து எல்லா இழையும் ஒரே இடத்தில் விட்டுப்போனால், அந்த இடம் வளர்ந்த நாட்களில் ஆடு காய்ச்சலிலோ குடற்புழுவிலோ தீவனக் குறைவிலோ வாடியிருக்கிறது. குட்டி ஈன்ற காலத்திலும் இப்படி ஆவதுண்டு. அந்த ரோமத்தை யார் நூற்றாலும் அறும். தலையணைக்கு அடைக்கலாம், நூலுக்கு வேண்டாம்.

தீவனத் தொட்டி ஆட்டின் தலைக்கு மேலே இருந்தால் தூசும் வைக்கோல் துணுக்கும் கழுத்து ரோமத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், பிறகு பொறுக்கி மாளாது. தொட்டியைத் தாழ்வாக வையுங்கள். கத்தரிக்கும் அன்று ரோமம் உலர்ந்தும் வயிறு காலியாகவும் இருக்கட்டும். கத்தரித்த இடத்திலேயே மறுபடி கத்தரி ஓட்டாதீர்கள். அப்போது விழும் அரை அங்குலத் துணுக்குகள்தான் பிறகு நூலில் சிறு சிறு முடிச்சாக நிற்கின்றன. வயிறு, கால், வால் பக்க ரோமத்தைக் கழுவும் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

ரோமம் கட்டியாவது வெந்நீரால் மட்டும் அல்ல. இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. சூட்டில் கசக்கினாலோ, சூட்டிலிருந்து திடீரென்று குளிர்நீருக்கு மாற்றினாலோ செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிரிக்க முடியாது. சூடு குறைந்தால் ரோமக் கொழுப்பு போகாது என்பதால் சூடும் கட்டாயம் வேண்டும். அரை கிலோவை வலைப்பையில் போட்டு, முதல் நாள் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் அதிலேயே பாதி போய்விடும். மறுநாள் 60 முதல் 65 டிகிரி நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலந்து, பையை அமிழ்த்தி, கலக்காமல் 20 நிமிடம் விடுங்கள். நீர் ஆறும்வரை விட்டால் உருகிய கொழுப்பு இழையிலேயே திரும்பப் படியும். அதே சூட்டில் இன்னொரு சோப்பு நீர், பிறகு இரண்டு அலசல். சலவைச் சோடா சேர்க்காதீர்கள், காரம் ரோமத்தை அரித்துவிடும். மெரினோ போன்ற மெல்லிய ரோமம் கழுவியபின் பாதி எடைதான் நிற்கும், பயப்பட வேண்டாம்.

நூல் அறுந்ததும் அறுந்த நுனியைப் பாருங்கள். வால்போல மெலிந்து நீண்டிருந்தால் இழைகள் நழுவியிருக்கின்றன, அதாவது முறுக்கு போதவில்லை. கட்டையாக, வெட்டினாற்போல் இருந்தால் ரோமம் பலவீனம், அல்லது முறுக்கு மிகை. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே ஓடும், தடித்த இடத்தில் ஏறாது, அங்கேதான் பிரியும். எனவே கம்பிச் சீப்பில் சீவும்போதே இழைகளைச் சமமாகப் பரப்புவது முக்கியம். தொடக்கத்தில் 8 முதல் 12 சென்டிமீட்டர் நீள ரோமமும், 40 கிராம் அளவிலான தக்களியும் கைக்கு வசப்படும். நூற்ற நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கும்போது நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

சாயம் நிற்காததற்கு முதல் காரணம் கொழுப்பு மீதி இருப்பது, அடுத்தது சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் படிகாரத்தை ஏற்றாமல் விடுவது. உலர்ந்த நூல் 100 கிராமுக்குப் படிகாரம் 12 கிராம். அளவு மிஞ்சிப் போட்டால் நூல் பிசுபிசுக்கும். நனைத்த நூலைப் படிகாரம் கரைத்த நீரில் இட்டு, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 80 டிகிரிக்கு ஏற்றி, முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டில் வைத்து, பானையிலேயே ஆறவிடுங்கள். சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூல் கட்டை) கட்டும் நூல் இறுகினால் அந்த இடத்தில் வெள்ளை வளையம் விழும், தளர்வாகக் கட்டுங்கள்.

வெங்காயச் சருகு நூலின் எடையில் பாதி போதும், நல்ல ஆரஞ்சு மஞ்சள் கிடைக்கும். மஞ்சிட்டி வேர் சிவப்புக்கு. பீட்ரூட் அலசலிலேயே போய்விடும், மஞ்சள் தூள் வெயிலில் வெளுக்கும். இவ்விரண்டையும் படிகாரத்தாலும் காப்பாற்ற முடியாது. நீலச் சாயம் தரும் அவுரிக்குப் படிகாரமே வேண்டாம். சாயத் தொட்டியின் சூடு 50 டிகிரி, காரம் மிதமாக இருக்கட்டும். பச்சையாக வெளிவரும் நூல் காற்றில் நீலமாக மாறும்வரை கால் மணி நேரம் தொங்கவிட்டு, பிறகே அடுத்த முக்கு.