தேர்தல் நடத்துகிறவர்களுக்கு எதற்குச் சங்கம்? மிச்சிகனிலிருந்து கேள்வி பதில்

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு நகரத்தில் துணை கிளார்க்காக வேலை பார்க்கிறேன். இங்கே கிளார்க் என்றால் குமாஸ்தா அல்ல, ஊரின் தேர்தலை நடத்தும் அதிகாரி. வாக்காளர் பதிவு, தபால் வாக்கு, வாக்குச்சாவடிக்கு ஆள் பிடிப்பது, நகர்மன்றக் கூட்டக் குறிப்பு எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். தேர்தல் அதிகாரிகளின் தொழில்முறைச் சங்கங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் என் சொந்தக் கருத்து, அலுவலகத்தின் கருத்து அல்ல.

வைகைக்காரன்: மேடம், தேர்தல் நடத்தத்தான் தேர்தல் கமிஷன் இருக்கிறதே, அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு சங்கம் எதற்கு?

அமெரிக்காவில் அப்படி ஒரு கமிஷன் கிடையாது. நம் ஊரில் அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவு சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முழுவதையும் ஓர் ஆணையத்தின் கையில் கொடுத்திருக்கிறது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து கலெக்டர் முதல் வாக்குச்சாவடி அலுவலர் வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடுகிறார்கள். இங்கே நாடு முழுக்கச் சுமார் 10,000 உள்ளாட்சி அலுவலகங்கள் தனித்தனியாகத் தேர்தல் நடத்துகின்றன. மிச்சிகனில் மட்டும் 83 கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க்குகள், அவர்களுக்குக் கீழே 1,500-க்கும் மேற்பட்ட நகர, டவுன்ஷிப் (நம் ஊராட்சி மாதிரி) கிளார்க்குகள். டவுன்ஷிப் கிளார்க் என்பவர் கட்சிச் சின்னத்தோடு நின்று ஜெயித்து வருகிறவர். நேற்று வரை விவசாயம் பார்த்தவராக இருக்கலாம், பள்ளி பஸ் ஓட்டியவராகவும் இருக்கலாம். பதவியேற்ற சில மாதத்தில் ஒரு தேர்தலை நடத்தியாக வேண்டும்.

2000-இல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதி தேர்தல் முடிந்து, வாக்குச்சீட்டில் குத்திய துளை சரியாக விழுந்ததா என்று நாடே உற்றுப் பார்த்தது. அதன்பிறகு 2002-இல் ஒரு சட்டம் போட்டு தேர்தல் உதவி ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் வேலை மானியம் தருவது, வாக்கு இயந்திரங்களுக்கு வழிகாட்டு நெறி வகுப்பது, ஆலோசனை சொல்வது. எந்தக் கிளார்க்குக்கும் அதனால் உத்தரவு போட முடியாது. சரி, அந்தப் புது டவுன்ஷிப் கிளார்க்குக்கு யார் சொல்லிக் கொடுப்பது? மாநில அரசு கொஞ்சம் சொல்லிக் கொடுக்கும். மிச்சமெல்லாம் பக்கத்து ஊர் கிளார்க். பக்கத்து ஊர் கிளார்க்குகளை வரிசையாகக் கோர்த்து வைத்திருப்பதுதான் சங்கம்.

தேன்மொழி: மொத்தம் எத்தனை சங்கங்கள் அக்கா? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

எனக்கும்தான். மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். மேல் அடுக்கில் மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம், 1904-இல் தொடங்கியது. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலுக்குத் தலைமை அதிகாரி மாநிலச் செயலாளர்தான், அவரும் பல இடங்களில் கட்சி வேட்பாளராக நின்று வந்தவர். அவர்களுக்குக் கீழே அன்றாட வேலையைப் பார்க்கும் மாநிலத் தேர்தல் இயக்குநர்களுக்கு 1989-இல் தனிச் சங்கம் வந்தது. அடுத்து எலெக்‌ஷன் சென்டர், இது உள்ளூர் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய அமைப்பு. கடைசி அடுக்குதான் எங்களுடையது: நகராட்சி கிளார்க்குகளின் சர்வதேசக் கழகம், 1947 முதல் இருக்கிறது, சுருக்கமாக ஐ.ஐ.எம்.சி. கூடவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சங்கம்.

என்னைக் கேட்டால், சோறு போடுவது மாநிலச் சங்கம்தான். தேசியச் சங்கங்கள் அறிக்கை விடுவதற்கு.

ராஜபாளையம் பாண்டி: இதுவும் வருவாய்த்துறை ஊழியர் சங்கம் மாதிரிதானா? ஸ்ட்ரைக் உண்டா?

இல்லை. சம்பளம், பதவி உயர்வு, வேலைநேரம் எல்லாம் தொழிற்சங்கத்தின் வேலை. நகராட்சி ஊழியர்களுக்கு இங்கே அதுவும் தனியாக இருக்கிறது. நான் சொல்கிற சங்கம் தொழிலைப் பற்றியது: எப்படிச் செய்ய வேண்டும், யார் செய்யத் தகுதி உள்ளவர், சட்டம் எப்படி இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும் என்பதெல்லாம். டாக்டர்கள் சங்கத்தோடு ஒப்பிடலாம், ஆனால் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் எங்கள் சங்கத்துக்கு இல்லை. தப்பு செய்த கிளார்க்கைச் சங்கத்தால் நீக்க முடியாது, மக்கள்தான் தோற்கடிக்க வேண்டும்.

நிவேதா, பெங்களூரு: பயிற்சி, சான்றிதழ் என்கிறீர்கள். உண்மையில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

மிச்சிகன் சட்டப்படி புதிதாக வரும் கிளார்க் ஆறு மாதத்துக்குள் மாநிலத் தேர்தல் பிரிவின் பயிற்சியை முடிக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது தொடர் பயிற்சி உண்டு. அது கட்டாயம். சங்கத்தின் சான்றிதழ் விருப்பப்பட்டால்தான். ஐ.ஐ.எம்.சி. இரண்டு பட்டம் தருகிறது: முதலில் சி.எம்.சி. (சான்று பெற்ற நகராட்சி கிளார்க்), அதற்கு மேலே எம்.எம்.சி. (முதுநிலை நகராட்சி கிளார்க்). பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வகுப்பு நடத்துவார்கள். எலெக்‌ஷன் சென்டர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேர்தல் நிர்வாகத்துக்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது.

வகுப்பைவிட, வகுப்பு முடிந்து சாப்பாட்டு மேஜையில் நடப்பதுதான் எனக்குப் பயன்பட்டது. வாக்குச்சீட்டு அச்சில் பிழை வந்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது, ஒரே வீட்டில் கணவன் மனைவி உறையை மாற்றிப் போட்டு அனுப்பினால் என்ன செய்வது, வாக்குச்சாவடியாக இருந்த தேவாலயம் கடைசி வாரத்தில் இடமில்லை என்று சொன்னால் எங்கே போவது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் முழுசாக இருக்காது.

இப்போது இதற்குத் தேவை அதிகம். உள்ளூர்த் தேர்தல் தலைமை அதிகாரிகள் மாறிப்போகும் விகிதம் 2004-இல் 28 சதவீதமாக இருந்தது, 2022-இல் 39 சதவீதம் என்று ஓர் ஆய்வு காட்டியது. பத்தில் நான்கு நாற்காலியில் புது ஆள் என்றால், பழைய ஆட்களை வைத்திருக்கும் இடம் சங்கம் ஒன்றுதான்.

கணக்கன்: சங்கம் சொல்லி எந்தச் சட்டமாவது மாறியிருக்கிறதா? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தபால் வாக்கு வந்ததும் அதை எண்ணும் இயந்திரத்தில் போட்டுவிட முடியாது. கையெழுத்து சரிபார்க்க வேண்டும். பிறகு வெளி உறையைப் பிரித்து, சீட்டு எண் பொருந்துகிறதா என்று பார்த்து, மடிப்பை நீவி நேராக்க வேண்டும். மிச்சிகனில் கையெழுத்தை முன்பே பார்த்துவிடலாம், ஆனால் உறையைப் பிரிப்பதைத் தேர்தல் நாள் காலைக்கு முன்னால் தொடவே கூடாது என்று சட்டம் இருந்தது. தபால் வாக்கு குறைவாக இருந்த காலத்தில் பரவாயில்லை. 2018-இல் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தபாலில் வாக்களிக்கலாம் என்று மக்கள் வாக்கெடுப்பில் முடிவானது. உடனே கிளார்க்குகள் கணக்குப் போட்டார்கள்: இரவெல்லாம் எண்ண வேண்டி வரும், முடிவு தாமதமாகும், தாமதமானால் சந்தேகம் கிளம்பும். முன்கூட்டியே உறை பிரிக்க அனுமதி கொடுங்கள் என்று மாநிலத் தலைநகர் லான்சிங்குக்கு நடையாய் நடந்தார்கள்.

கிடைத்தது என்ன தெரியுமா? 2020 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, 25,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும், முந்தின நாள் பத்து மணி நேரம். மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் ரூத் ஜான்சன் முன்பு கவுண்டி கிளார்க்காக இருந்தவர். அதனால்தான் அதுவாவது நடந்தது என்று நினைக்கிறேன். அந்த நவம்பரில் மாநிலத்தில் 55 லட்சம் பேர் வாக்களித்தார்கள், அதில் 33 லட்சம் தபால் வாக்கு. டெட்ராய்ட்டில் எண்ணும் மண்டபத்தின் கண்ணாடியைத் தட்டி, எண்ணுவதை நிறுத்து என்று கூட்டம் கத்தியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கிளார்க்குகள் முன்பே எச்சரித்திருந்தது அதைத்தான்.

2022-இல் முன்கூட்டியே வாக்களிக்க ஒன்பது நாள் என்று இன்னொரு வாக்கெடுப்பு நிறைவேறியது. 2023-இல் வந்த சட்டத்தில் 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்கள் எட்டு நாள் முன்னாலிருந்தே தபால் வாக்கைப் பிரித்து இயந்திரத்தில் போடலாம், முடிவை மட்டும் தேர்தல் இரவுதான் எடுக்க வேண்டும் என்று ஆனது. 2024-இல் எங்கள் தேர்தல் இரவு மனிதர்கள் தாங்கக்கூடியதாக இருந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சின். அங்கே சுமார் 1,850 கிளார்க்குகள், அதே கோரிக்கை. தேர்தலுக்கு முந்தின திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் கொடுங்கள் என்றார்கள். 2023 நவம்பரில் கீழவை நிறைவேற்றியது. செனட் அதை எடுக்காமலே 2024-இல் கூட்டத்தொடரை முடித்துவிட்டது. அங்குள்ள பெரிய நகரமான மில்வாக்கியின் முடிவு நள்ளிரவுக்குப் பிறகு வருவதும், அதை வைத்து வதந்தி கிளம்புவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. சங்கத்துக்கு அறிவு இருக்கிறது, வாக்கு இல்லை. சட்டமன்றத்தில் காதுகொடுக்க ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

சந்தேகப் பிராணி: தங்களுக்கு வசதியான சட்டத்தைத்தானே கேட்பார்கள்? வாக்காளருக்கு என்ன லாபம்?

சில நேரம் அப்படித்தான். தபால் வாக்குக்கு மனு கொடுக்கும் கடைசி நாளை முன்னால் தள்ளுங்கள் என்று கிளார்க்குகள் கேட்டால், தபாலில் சீட்டு போய்ச் சேர நேரம் கிடைக்கும் என்பது ஒரு பக்கம். தாமதமாக விழித்துக்கொண்ட வாக்காளருக்குக் கதவு மூடும் என்பது மறுபக்கம். அதனால் சங்கம் சொல்வதை ஒரு தரப்புச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பாக அல்ல. ஆனால் அந்தச் சாட்சியத்தைக் கேட்காமலே சட்டம் எழுதுவது இன்னும் மோசம்.

தேன்மொழி: இயந்திரக் கம்பெனிகள் மாநாட்டுக்குப் பணம் கொடுப்பதாகப் படித்தேனே?

கொடுக்கிறார்கள். மாநாட்டு அரங்கில் வாக்கு இயந்திரம், உறை அச்சிடும் நிறுவனம், மென்பொருள் என்று வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கும் ஸ்பான்சர் அவர்கள்தான். இ.எஸ். அண்டு எஸ். என்ற பெரிய இயந்திர நிறுவனம் தேர்தல் அதிகாரிகளைக் கொண்டு ஆலோசனைக் குழு வைத்து, லாஸ் வேகஸ் போன்ற இடங்களுக்கு அழைத்துப்போனதை 2018-இல் மெக்லாட்சி செய்தி நிறுவனம் எழுதியது. இந்த விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. உறுப்பினர் சந்தாவை உயர்த்திவிட்டு ஸ்பான்சரைக் குறைக்கலாம். ஆனால் சின்ன டவுன்ஷிப்களால் அந்தச் சந்தாவைக் கட்ட முடியாது என்பதும் உண்மை.

முகில்: 2020-க்குப் பிறகு வந்த மிரட்டல்களில் சங்கங்கள் என்ன செய்தன?

முதலில் பேசின. 2020 நவம்பர் 12 அன்று, அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பாதுகாப்பான தேர்தல் இது என்று ஒரு கூட்டறிக்கை வந்ததே, அதில் மத்திய அரசு அதிகாரிகளோடு மாநிலச் செயலாளர்கள் சங்கத் தலைவரும் தேர்தல் இயக்குநர்கள் சங்கத் தலைவரும் கையெழுத்திட்டார்கள். தனி ஒரு கிளார்க்கால் அப்படி எழுந்து நிற்க முடியாது.

ஆனால் மிரட்டல் வந்தது தனித்தனி ஆட்களுக்கு. இங்கே ரோச்செஸ்டர் ஹில்ஸ் நகர கிளார்க்காக இருந்த டினா பார்ட்டன் குடியரசுக் கட்சிக்காரர், அதாவது 2020-இல் தோற்ற டிரம்பின் கட்சி. அவருக்கே கொலை மிரட்டல் வாய்ஸ்மெயில் வந்தது. அனுப்பிய இந்தியானா ஆளுக்கு 2024-இல் 14 மாதச் சிறை. தேர்தல் அதிகாரிகளுக்கு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்ய 2021-இல் ஒரு வலையமைப்பு தொடங்கியது, இரண்டு கட்சிகளின் மூத்த வக்கீல்களும் சேர்ந்து தலைமை ஏற்றார்கள். மிச்சிகனில் தேர்தல் ஊழியரை மிரட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2023-இல் வந்தது.

கணக்கன்: கட்சிக்காரர்களே உறுப்பினர் என்றால் சங்கத்துக்குள் சண்டை வராதா?

மேல் அடுக்கில் வரும். தேர்தல் உதவி ஆணையத்தையே கலைத்துவிடுங்கள் என்று மாநிலச் செயலாளர்கள் சங்கம் 2005-இல் தீர்மானம் போட்டது. அதே ஆணையத்தின் ஆலோசனைக் குழுவில் அந்தச் சங்கத்துக்கு இடமும் உண்டு. சிரிக்கத்தான் வேண்டும். கீழே எங்கள் அளவில் சண்டை குறைவு. உறை பிரிக்கும் கத்திக்குக் கட்சி தெரியாது.

ஈஸ்ட்ஹாம் தம்பி: அக்கா, லண்டனிலும் இப்படி உண்டா?

உண்டு தம்பி. தேர்தல் நிர்வாகிகள் சங்கம் என்று 1987 முதல் இருக்கிறது, தனிச் சான்றிதழும் டிப்ளமோவும் தருகிறார்கள். உங்கள் ஊர்த் தேர்தல் சட்டங்கள் ஏகப்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றாகத் தொகுங்கள் என்று விடாமல் கேட்கிறார்கள். சட்ட ஆணையமும் 2020-இல் அதையே பரிந்துரைத்தது. இன்னும் ஆகவில்லை.

நோவை ராம்: எச்1பி விசாவில் இருக்கிறேன். தேர்தல் நாளில் வேலை செய்யலாமா?

முடியாது. மிச்சிகனில் வாக்குச்சாவடி அலுவலர் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும், அதாவது குடியுரிமை வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் 16 வயதிலேயே வரலாம், அனுப்பி வையுங்கள். எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

வைகைக்காரன்: கடைசியாக, தமிழ்நாட்டுக்கு இப்படி ஒன்று தேவையா?

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்கு அவசரத் தேவை என்று சொல்ல மாட்டேன். ஆணையத்துக்கு டெல்லியில் சொந்தப் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் வேறு கதை. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், களத்தில் உழைப்பது வட்டார வளர்ச்சி அலுவலகமும் நகராட்சியும். 2011-க்கு அடுத்து ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மிச்சம் ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. எட்டு வருட இடைவெளியில் முந்தின முறை தேர்தல் நடத்திய அலுவலர்களில் எத்தனை பேர் அதே நாற்காலியில் இருந்திருப்பார்கள்? பாதிப்பேர் மாற்றலாகி, ஓய்வுபெற்று, வேறு துறைக்குப் போயிருப்பார்கள். ஊழியர் சங்கங்கள் பணிச்சுமைக்காகவும் ஊதியத்துக்காகவும் குரல் கொடுக்கின்றன, அது வேண்டியதுதான். ஆனால் வார்டு வரையறையில் எங்கே குழப்பம் வந்தது, நான்கு பதவிக்கு நான்கு நிறச் சீட்டைப் பிரித்து எண்ணுவதில் எங்கே நேரம் போனது என்று தேர்தல் முடிந்த கையோடு அலுவலர்களே உட்கார்ந்து எழுதி, அடுத்து வருகிறவர் கையில் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்குச் சங்கம் என்று பெயர் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓய்வுபெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர்கள் பத்துப் பேர் ஒரு மாவட்டத்தில் சேர்ந்தாலே ஆரம்பித்துவிடலாம்.