இரண்டு நாளில் ரீயூனியன் பார்க்க முடியுமா?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து வந்து மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். உடன் படிக்கும் மொரீஷியஸ் தோழிகள் இருவர், வெள்ளி மாலை பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பலாம் என்று கூப்பிடுகிறார்கள். எரிமலை, மஃபாத், சிலாவோஸ் என்ற மலைப்பகுதிகள், கடற்கரை, தமிழ்க் கோயில்கள் என்று பெரிய பட்டியல் போட்டிருக்கிறோம். ஊரில் அம்மா பயப்படுகிறார். போகலாமா?
– ஒரு வாசகி, மோக்கா

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்தப் பட்டியலோடு போக வேண்டாம்.

முதலில் பாஸ்போர்ட். உங்கள் தோழிகளுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விதி வேறு. ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி, யூரோவில்தான் செலவு. இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாமே, அந்த ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஆகவே டிக்கெட்டுக்கு முன்னால் போர்ட் லூயியில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் கேளுங்கள். உங்கள் மாணவர் விசாவில் மொரீஷியஸுக்குள் திரும்ப வர அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தோழிகள் விமானம் ஏறிவிட, நீங்கள் மட்டும் கவுண்டரில் நிற்கும்படி ஆகக் கூடாது.

விமானம் முக்கால் மணி நேரம்தான் என்பதால் தீவும் கைக்கடக்கமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் நடுவில் 3,000 மீட்டருக்கு மேல் மலை எழுந்து நிற்கிறது. சிலாவோஸ் போகும் சாலையில் மட்டும் 400க்கும் மேற்பட்ட வளைவுகள். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, நடந்துதான் இறங்க வேண்டும். இரண்டையும் செமஸ்டர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையை எரிமலைக்கே கொடுத்துவிடுங்கள். முற்பகலிலேயே மேகம் மூடத் தொடங்கிவிடும் என்பதால் விடிந்ததும் கிளம்புங்கள். எரிமலையைப் பார்க்க நிற்கும் பா த பெல்கோம்ப் விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. எரிமலை குமுறும் நாட்களில் உள்ளே இறங்கும் பாதையை மூடிவிடுவார்கள். அன்று விளிம்பிலிருந்து பார்ப்பதோடு திரும்புங்கள். வாடகைக் கார் எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மொரீஷியஸில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இரவில் மலைச்சாலை வேண்டவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கரையில் சேன்-ஆந்த்ரே. நீங்கள் கும்பகோணத்துப் பெண் என்பதால் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோலும் பிரெஞ்சும். முன்பெயர் பிரெஞ்சாகவும் குடும்பப்பெயர் ராமசாமியாகவும் இருக்கும். மாதா கோயிலுக்கும் போவார்கள், காளி கோயிலில் தீயும் மிதிப்பார்கள். தயவுசெய்து அவர்களிடம் போய் "தமிழராக இருந்து தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். தோட்டத்து வாழ்க்கையில் மொழி கைநழுவியது அவர்கள் குற்றமில்லை. அதையும் தாண்டி தீமிதியையும் காவடியையும் இத்தனை தலைமுறை காப்பாற்றி வைத்திருப்பது சாதாரண காரியமா? சனிக்கிழமையே இறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே கோயிலுக்குள் போகிறவர்கள் விரதத்தில் மிகவும் கண்டிப்பு. தோல் பை, பெல்ட்டையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடற்கரையை விட்டுவிடலாம், மொரீஷியஸில் இல்லாத கடலா? ரீயூனியனில் சுறா பயம் உண்டு. பவளத்திட்டுக்கு உட்பட்ட பகுதியும் காவலர்கள் கண்காணிக்கும் இடங்களும் தவிர வேறெங்கும் குளிக்கக் கூடாது.

அப்புறம், அம்மா. அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, தோழிகளின் போன் எண், திரும்பும் விமான நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இந்தியா அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆகவே இரவு எட்டுக்குள் பேசிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயலில் விமானங்கள் நின்றுபோவதுண்டு. மே மாதத்துக்குப் பிறகு, திங்களன்று தேர்வு இல்லாத ஒரு வாரமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.