மகளுக்கு எழுதிய உயில்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்கச் சென்றபோது, 1475-இல் லாண்ட்ஸ்ஹூட் நகரில் நடந்த அரச திருமணத்தை நடித்துக் காட்டும் விழாவைக் கண்டேன். அந்தத் தம்பதியின் மகளுக்குத் தந்தை எழுதிய உயிலால் போரே மூண்டதாம். பெற்ற மகளுக்கு நிலத்தைக் கொடுப்பதில் என்ன தவறு?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த நிலம் தந்தையின் சுயார்ஜிதமாக இருந்திருந்தால் தவறே இல்லை, அம்மா. ஆனால் தென் ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் அந்தப் பகுதி, பேரரசர் மானியமாக வழங்கி, ஆண் வாரிசு வழியே தொடர்ந்து வந்த நிலம். போதாக்குறைக்கு, ஒரு கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் அதன் பங்கு மற்றக் கிளைகளுக்கே சேரும் என்று பவேரியாவைக் கிளை கிளையாகப் பிரித்து ஆண்ட விட்டெல்ஸ்பாக் குடும்பத்துப் பங்காளிகள் முன்பே உடன்படிக்கை செய்திருந்தார்கள். நீங்கள் விழாவில் கண்ட மணமகன் கேயோர்க், அதை மீறி, 1496-இல் மகள் எலிசபெத்துக்கு உயில் எழுதினார். 1499-இல் அவளை மணந்த ரூப்ரெக்ட், கேயோர்க்கின் சகோதரி மகன். நம் முறையில் அவளுக்கு அத்தை மகன்.

1503 டிசம்பரில் கேயோர்க் இறந்ததும், மியூனிக் கிளையின் ஆல்ப்ரெக்ட் உரிமை கோரினார். வழக்கைத் தீர்க்க வேண்டிய, ஆஸ்திரியாவையும் ஆண்ட ஜெர்மானிய அரசர் மாக்சிமிலியனோ ஆல்ப்ரெக்டின் மைத்துனர்; அவருக்கே அந்த நிலத்தில் ஒரு கண்ணும் இருந்தது. என் கணிப்பில், உயிலை விட இந்த நடுவர்தான் வழக்கைக் கெடுத்தார். எலிசபெத்தும் கணவரும் காத்திராமல் 1504 ஏப்ரலில் லாண்ட்ஸ்ஹூட்டைக் கைப்பற்ற, ஊர்கள் எரிந்தன. அந்த ஆகஸ்டில் ரூப்ரெக்டும், செப்டம்பரில் எலிசபெத்தும் நோயால் இறந்தார்கள். எஞ்சியவர்கள் இரண்டு கைக்குழந்தைகள்.

1505 ஜூலையில் கொலோன் நகரில் தீர்ப்பு வந்தது. பெரும்பகுதி ஆல்ப்ரெக்டுக்குப் போனது. குழந்தைகளுக்கென டான்யூப் கரையிலுள்ள நோய்பூர்க்கைத் தலைநகராகக் கொண்டு ஒரு சிற்றரசு பிரித்துக் கொடுக்கப்பட்டது. நடுவர் கூலியாக மாக்சிமிலியன் குஃப்ஸ்டைன், கிட்ஸ்பூயெல், ராட்டன்பெர்க் ஆகிய மூன்று ஊர்களையும் எடுத்துக்கொண்டார். அவை இன்றும் ஆஸ்திரியாவிலேயே இருக்கின்றன.

இனிப் பாகப்பிரிவினையே வேண்டாம் என்று, மூத்த மகனுக்கே நாடு முழுவதும் என 1506-இல் ஆல்ப்ரெக்ட் சட்டம் இயற்றினார். அவர் மறைந்த பிறகு இளைய மகன் லூட்விக், தான் அந்தச் சட்டத்துக்கு முன்பே பிறந்தவன் என்று வாதாடிப் பங்கு பெற்று ஆட்சி செய்தார்; அவர் அமர்ந்த ஊரும் அதே லாண்ட்ஸ்ஹூட்தான்.